52 இஞ்ச் மட்டக்குதிரைக்கு எந்த அளவுக் கடிவாளம்?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் வண்டிக்கென்று 52 இஞ்ச் உயர நாட்டு மட்டக்குதிரை வாங்கியிருக்கிறீர்கள். ஆண், ஐந்து வயது. அதோடு வந்த கடிவாளம் நடுவில் மூட்டு வைத்தது, ஐந்தரை இஞ்ச். லகானைப் பிடித்தால் தலையைத் தூக்கி வீசுகிறது, வாயைப் பிளக்கிறது, வாய்க்குள் இருக்கும் கடிவாளக் கம்பிக்கு மேலே நாக்கை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. எல்கைப் பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் முள் கடிவாளம் போட்டால் அடங்கிவிடும் என்கிறார். என்ன அளவு வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

முள் பேச்சை முதலில் முடித்துவிடலாம். வண்டி இழுக்கும் விலங்குக்கும் பொதி சுமக்கும் விலங்குக்குமான 1965-ஆம் வருஷத்து வதைத் தடுப்பு விதிகளின்படி முள்ளோ குமிழோ வைத்த கடிவாளத்தைப் போடவே கூடாது. சட்டம் கிடக்கட்டும், அது வேலைக்கும் ஆகாது. வலி தாங்காமல் தலையைத் தூக்குகிற குதிரைக்கு வலியைக் கூட்டினால் இன்னும் தூக்கத்தான் செய்யும். சில நாளில் ஈறு மரத்துப்போய் அந்த முள்ளுக்கும் கேட்காது, அதற்கப்புறம் கையில் எதுவும் மிஞ்சாது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் நம் காயல் துறைக்குக் குதிரைகள் வந்ததை எழுதிய மார்க்கோ போலோ, இந்த நாட்டில் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல்தான் சாகின்றன என்றும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் பழியை நாமும் சுமக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் மூன்று அடையாளமும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அளவைத்தான். ஐந்தரை இஞ்ச் என்பது பந்தயத்திலிருந்து வந்த பெரிய தரோபிரெட் ஜாதிக் குதிரைக்கு ஆகும் அளவு. நம் நாட்டு மட்டங்களுக்குப் பெரும்பாலும் நாலேகாலிலிருந்து நாலேமுக்காலுக்குள் முடிந்துவிடும். மார்வாரி, காத்தியவாரி குதிரைகள் 60 இஞ்ச் நின்றாலும் மூஞ்சி ஒடுக்கம், நாலேமுக்காலோ ஐந்தோதான் வரும். உயரத்தை வைத்துக் கடிவாளம் வாங்குவது ஏமாற்றிவிடும் என்பதற்கு அவையே சாட்சி. இந்த எண்களைக் கடையில் எந்த வரிசையில் தேடுவது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு வாயை அளந்தே ஆக வேண்டும்.

கடிவாளத்தின் அளவு என்று சொல்வது ஒரு பக்க வளையத்தின் உள்விளிம்பிலிருந்து மறுபக்க வளையத்தின் உள்விளிம்பு வரை, அதாவது வாய்க்குள் போகும் கம்பியின் நீளம். வளையத்தைச் சேர்த்து அளக்கக் கூடாது. மூட்டு வைத்ததென்றால் மேஜையில் கிடத்தி, இரண்டு பக்கமும் இழுத்து நேராக்கிவிட்டு அளக்க வேண்டும். இஞ்ச் கணக்கும் சென்டிமீட்டர் கணக்கும் கடையில் கலந்து வரும். 12.5 செ.மீ. கம்பியையும் 'ஐந்து இஞ்ச்' என்றே விற்பார்கள், சரியான ஐந்து இஞ்ச் 12.7. இரண்டு மி.மீ. வித்தியாசத்தால் குடி முழுகாது, ஆனால் எது எதுவென்று தெரிந்து வாங்குங்கள்.

வாயை அளக்க அரை இஞ்ச் கனத்தில், ஒரு அடி நீளத்தில் உருண்டையான மரக்குச்சி போதும். மணல் காகிதம் போட்டு வழவழப்பாக்குங்கள். வேப்பங்குச்சி, மூங்கில் சிராய் வேண்டாம். குதிரை மென்றால் செதில் பிய்ந்து ஈறில் ஏறும். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் அரை இஞ்ச் என்பது உள்விட்டம், வெளியே 21 மி.மீ. இருக்கும், அதுவும் ஆகாது. குச்சியில் இறுக்கமாக நகரும்படி இரண்டு ரப்பர் வாஷர் மாட்டுங்கள், பைக் கடையில் கிடைக்கும்.

கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, தலைக்கயிறோடு ஓர் ஆள் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் இடதுபக்கம் நின்று, கடைவாய் வழியாகக் கட்டைவிரலை உள்ளே விடுங்கள். முன்பற்களுக்கும் அரைக்கும் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறு இருக்கும், கம்பி உட்காருவது அங்கேதான். அதை லேசாக அழுத்தினால் வாய் திறக்கும், குச்சியைப் பையக் குறுக்கே விடுங்கள். இரண்டு கடைவாயிலும் படும் இடத்தில் நிறுத்தி, வாஷர்களை உதட்டோடு தொட்டும் தொடாமலும் நகர்த்துங்கள். உதட்டை உள்ளே தள்ளினால் அளவு குறைந்துவிடும். வெளியே எடுத்து, வாஷர்களின் உள்முகத்துக்கு இடையே அளங்கள். மூன்று தடவை செய்து, ஒத்து வரும் அளவை வைத்துக்கொள்ளுங்கள். நூலைக் குறுக்கே கட்டி அளப்பவர்களும் உண்டு. அது நாக்கைச் சுற்றி வளைந்து நீளமாகக் காட்டும், பெரிய கடிவாளம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இந்த நூல்காரர்கள்தான்.

இந்த அளவோடு எவ்வளவு கூட்டுவது என்பது வளையத்தைப் பொறுத்தது. கம்பியின் ஓட்டைக்குள் தளர்வாகச் சுழலும் வளையம் என்றால் பக்கத்துக்கு 6 மி.மீ. விட வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைக்கும் வளையத்துக்கும் நடுவே உதடு சிக்கிக் கடிபடும். அசையாத வளையம், அல்லது கீல் மறைந்து வழவழப்பாக இருக்கும் வளையம் என்றால் பக்கத்துக்கு 3 மி.மீ. போதும். உங்கள் குதிரையின் வாய் 108 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் வளையத்துக்கு 120, அதாவது நாலேமுக்கால் இஞ்ச். அசையாததற்கு 114, அதாவது நாலரை. கணக்கு இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால், அசையாத வளையத்தில் சின்னதையும், சுழலும் வளையத்தில் பெரியதையும் எடுங்கள். சின்னதை எடுக்கும்போது உதடு நசுங்கவில்லை என்பதைப் போட்டுப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் கூடினால் அப்படி என்ன கெட்டுப்போகும் என்று தோன்றும். மூட்டுக் கம்பியில்தான் இதன் வினை முழுதாகத் தெரியும். அதே 108 மி.மீ. வாயில் 140 மி.மீ. (ஐந்தரை இஞ்ச்) கம்பியைப் போட்டால் மூட்டுக்கு இரண்டு பக்கமும் நீளும் கம்பிக் கை ஒவ்வொன்றும் 70 மி.மீ. வளையங்கள் கடைவாயோடு சேரும் வரை லகானை இழுத்தால், நடுமூட்டு கடைவாய்க் கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 45 மி.மீ. தள்ளிப் போக இடம் இருக்கிறது. 120 மி.மீ. கம்பியில் அதே கணக்கு 26 மி.மீ.தான். நாக்கு தடுப்பதாலும் கம்பி வளைந்திருப்பதாலும் வாய்க்குள் இவ்வளவு முழுதாகப் போகாது என்றாலும், வித்தியாசம் எவ்வளவு என்று இதிலேயே தெரிந்துவிடும். பாக்குவெட்டி மாதிரி கம்பியின் இரண்டு கையும் மடங்கி ஈறை இரண்டு பக்கமும் நெருக்கும், மூட்டு முன்பற்களை நோக்கித் தொங்கும் அல்லது மேலண்ணத்தில் முட்டும். மூட்டு தொங்கும் இடத்தில் நாக்கைச் சுருட்டி மேலே எடுத்துப் போட இடம் கிடைத்துவிடுகிறது. உங்கள் குதிரை செய்வது அதுதான். ஒரு லகானை மட்டும் இழுத்தால் கம்பி முழுக்க அந்தப் பக்கம் நழுவி, மூட்டு நடுவை விட்டு ஒரு பக்க ஈறின் மேல் போய் உட்காரும். திருப்பத்தில் ஒரு பக்கம் மட்டும் முரண்டு பிடிக்கும் குதிரைகளில் இதைப் பார்க்கலாம்.

சின்னதாகிவிட்டால் கதை வேறு. வளையம் உதட்டை அரைக்கும் பற்களோடு சேர்த்து நசுக்கும். கடைவாயில் முதலில் முடி உதிர்ந்து வழுக்கையாகும், பிறகு வெடிப்பு, பிறகு காய்ப்பு. காய்த்த இடம் லகானின் சின்ன அசைவுக்குக் கேட்காது.

அகலத்துக்கு அடுத்தது கனம். கனத்த கம்பிதான் மென்மை என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்பது சரிதான், ஆனால் வாய்க்குள் இடம் வேண்டுமே. நம் மட்டங்களுக்கு வாய் சின்னது, நாக்கு தடிப்பு. வாயை மூடியபடியே இருக்கும்போது பல்லில்லாத இடத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றின்மேல் ஒன்றாக விட்டுப் பாருங்கள். மேலண்ணமும் நாக்கும் விரலை நெருக்கினால் 18, 20 மி.மீ. கம்பிக்கு அங்கே இடமில்லை. போட்டால் வாய் மூடாது, எச்சில் விழுங்க முடியாது, பிளந்துகொண்டே ஓடும். 52 இஞ்ச் மட்டத்துக்கு 12 முதல் 14 மி.மீ. நல்ல கனம். வளையத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி அளங்கள், நடுவில் கம்பி மெலிந்து போகும். லேத் பட்டறையில் கனம் அளக்கும் வெர்னியர் இருக்கும், ஒரு நிமிஷ வேலை. எட்டு, ஒன்பது மி.மீ. கம்பி, முறுக்குக் கம்பி இரண்டையும் தொடவே வேண்டாம், ஈறை அறுக்கும்.

மெல்லிய கம்பிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுகிற வழக்கம் உண்டு. சுற்றச் சுற்றக் கனம் ஏறும், எச்சிலில் ஊறிப் பிசுபிசுத்து உதட்டோடு ஒட்டி இழுக்கும். புண் ஆறும் வரை இரண்டு நாளைக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

இனி தொங்கும் உயரம். ஐந்து வயது ஆண் என்றீர்கள், இதைக் கவனித்துப் படியுங்கள். ஆண் குதிரைக்கு நாலு, ஐந்து வயதில் கோரைப்பல் முளைக்கும். முன்பல்லுக்குப் பின்னால், கம்பி உட்காரும் அதே இடைவெளியின் முன்பாதியில். பெட்டைக்குப் பெரும்பாலும் அது வராது. இப்போது உங்கள் குதிரைக்கு அந்த ஈறு நொந்துகொண்டிருக்கலாம். தாழத் தொங்கும் பெரிய கம்பி அதன்மேல் தட்டினால் தலையைத் தூக்காமல் என்ன செய்யும்? கம்பி கோரைப்பல்லைத் தொடாமல், கடைவாயோடு ஒட்டி இருக்க வேண்டும். மூட்டுக் கம்பிக்குக் கடைவாயில் ஒரே ஒரு லேசான மடிப்பு விழுந்தால் போதும், மூட்டில்லாத ஒற்றைக் கம்பிக்கு மடிப்பில்லாமல் தொட்டால் போதும். இரண்டு மூன்று மடிப்பு விழ ஏற்றிக் கட்டினால் லகானைப் பிடிக்காதபோதும் உதடு இழுபட்டுக்கொண்டே இருக்கும், குதிரைக்கு ஓய்வே கிடையாது.

வண்டிக் கடிவாளத்தில் ஒரு சிக்கல் உண்டு. கண்மறை கன்னவாரோடு சேர்த்துத் தைத்திருக்கும். கம்பியை ஏற்ற மேல் பக்கிளைச் சுருக்கினால் கண்மறையும் மேலே போய், கண்ணுக்குக் கீழ்ப்பக்கம் திறந்துகொள்ளும். கீழே தனி பக்கிள் இருந்தால் அங்கே சுருக்குங்கள். இல்லையென்றால் தோல் வேலை செய்கிறவரிடம் கொடுத்து, கம்பியைத் தாங்கும் கீழ்வாரைத் தனியாகப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒரு துளை ஏற்றிச் சமாளித்தால் கம்பி சாய்ந்து நிற்கும். நடுவில் புதுத்துளை போட்டு இரண்டு பக்கமும் ஒன்றாக ஏற்றுங்கள்.

இவ்வளவும் கடிவாளத்தின்மேல் சந்தேகப்பட்டுச் சொன்னது. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடிவாளமே இல்லாமல், தலைக்கயிறோடு மட்டும் பத்து நிமிஷம் நடத்திப் பாருங்கள். அப்போதும் தலையை வீசினால் காரணம் வேறு: ஈ, காதுப்பக்கம் வார் உரசுவது, பல். மேல்தாடையில் அரைக்கும் பல்லுக்கு முன்னால் பட்டாணி அளவில் ஒரு சின்னப் பல் சில குதிரைக்கு இருக்கும், ஓநாய்ப் பல் என்பார்கள். கம்பி அதில் இடித்தால் எந்த அளவு போட்டாலும் நிற்காது. அரைக்கும் பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதும் சாதாரணம், அதை ராவிவிட வேண்டும். இவை மருத்துவர் செய்யும் வேலை. இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். கொல்லுப்பட்டறை அரத்தை எடுத்துக்கொண்டு வாய்க்குள் இறங்குகிற ஆட்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

புதியதைப் போட்டதும் நேர் முன்னால் நின்று பாருங்கள். இரண்டு வளையமும் ஒரே உயரத்தில், மூட்டு நடுவில். ஒரு வளையத்தைப் பிடித்துப் பைய வெளியே இழுத்தால் மறுபக்க வளையம் உதட்டைத் தொடும், இழுத்த பக்கத்தில் தெரியும் இடைவெளிதான் மொத்தத் தளர்வு. சுழலும் வளையத்தில் அது 12 மி.மீ., உங்கள் சுண்டுவிரல் கனம். அதற்குமேல் இருந்தால் பெரிது. பிறகு வண்டி பூட்டாமல், நீள லகானில் பின்னால் நடந்து ஓட்டிப் பாருங்கள். முதல் சில நிமிஷம் மெல்லத்தான் செய்யும், அது புதுசுக்கு. கால் மணி நேரம் கழித்தும் வாய் திறந்தே இருந்தால் கனத்தையும் உயரத்தையும் திரும்பப் பாருங்கள். முதல் வாரம் தினமும் அவிழ்த்தவுடன் கடைவாய், நாக்கு, ஈறு மூன்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நுரை வெள்ளையாக இருந்தால் நல்லது, ரோஸ் நிறம் தட்டினால் எங்கோ கிழிந்திருக்கிறது. இரண்டு கடைவாயிலும் உராய்வு என்றால் ஏற்றிக் கட்டியிருக்கிறீர்கள் அல்லது அளவு சின்னது. ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரிதாகி நழுவுகிறது, அல்லது உங்கள் ஒரு கை மற்றதைவிடக் கனமாகப் பிடிக்கிறது.

ஏற்கெனவே கையில் இருக்கும் கடிவாளம் கால் இஞ்ச் மட்டும் பெரிது என்றால் இரண்டு பக்கமும் வட்டமான ரப்பர் தட்டு மாட்டிச் சரிக்கட்டலாம். உங்களுடையது முக்கால் இஞ்சாவது பெரிதாக இருக்கும், அதில் தட்டுக்கு வேலையில்லை. பழைய கடிவாளம் கைமாற்றாக வந்தால் அளவுக்கு முன் ஓட்டையைப் பாருங்கள். வளையம் சுழன்று சுழன்று ஓட்டை முட்டை வடிவமாகி விளிம்பு கத்தியாகியிருக்கும். பருத்தித் துணியைச் சுற்றி இழுங்கள், நூல் மாட்டினால் உதடும் மாட்டும். முலாம் உரிந்தது, பட்டறையில் வெல்டு வைத்துப் பிசிறு நிற்பது இரண்டும் அப்படித்தான். திருச்செந்தூர், உவரி மாதிரி கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் வெறும் இரும்பை வாங்கவே வேண்டாம், உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. துருப்பிடிக்காத எஃகுதான் லாபம். அதுவும் சித்திரை வெயிலில் வண்டிமேல் கிடந்தால் நாக்கைச் சுட்டுவிடும், வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் போடுங்கள். அவிழ்த்தபின் மூட்டில் சிக்கின கொள்ளுப் பொட்டைக் கழுவ வேண்டும், காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி உரசும்.

என்ன வாங்கலாம் என்று நேராகக் கேட்டால்: அசையாத வளையம் வைத்த, லேசாக வளைந்த ஒற்றைக் கம்பி. மூட்டு வேண்டாம். வளைவில் நாக்குக்கு இடம் இருக்கும், பாக்குவெட்டிப் பிடி இருக்காது, வண்டிக்கு நேர் ஓட்டம்தானே பெரும்பாலும். தாடைச் சங்கிலியும், வாயின் இரண்டு பக்கமும் நீளமான கன்னக்கம்பியும் வைத்த கடிவாளத்தைக் கடைக்காரர் காட்டினால், லகானை வாய்க்கம்பிக்கு நேரான வளையத்தில் மட்டும் மாட்டுங்கள். கன்னக்கம்பியின் கீழ்த் துளையில் மாட்டினால் நெம்புகோல் ஆகிவிடும், பழகாத கைக்கும் பழகாத குதிரைக்கும் அது ஆகாது. அப்படி மாட்டும் காலம் வந்தால் சங்கிலி முறுக்கில்லாமல் தாடைக்குழியில் தட்டையாகக் கிடக்க வேண்டும், கன்னக்கம்பி 45 பாகை சாயும்போதுதான் அது இறுக வேண்டும்.

கான்பூரிலிருந்து வரவழைப்பதானால் 'மட்டக்குதிரைக்கு' என்று மட்டும் எழுதினால் எதையாவது அனுப்பிவிடுவார்கள். உள்விளிம்பு முதல் உள்விளிம்பு வரை இத்தனை மி.மீ., கனம் இத்தனை, வளைய விட்டம் 55 முதல் 65 மி.மீ. என்று மூன்றையும் எழுதுங்கள். வளையம் இதைவிடச் சின்னதானால் இழுப்பில் வாய்க்குள்ளேயே புகுந்துவிடும். வந்த கையோடு கம்பியில் சமையலறை மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, நீங்கள் பிடித்தபடியே இரண்டு நிமிஷம் மட்டும் வாயில் வைத்து அளவு பாருங்கள். பல்தடம் விழாமல் இருந்தால்தான் திருப்பி அனுப்பும்போது வாங்கிக்கொள்வார்கள்.